டெஸ்ட் எல்லாம் நார்மல், நாளுக்கு நாலு சிகரெட்: இந்த வயசுல ரத்தக்குழாய்க்கு என்ன ஆகும்?

தேடல்26
எல்லாருக்கும் வணக்கம். வயசு 26. காலேஜ்ல ஆரம்பிச்ச பழக்கம். நாளுக்கு மூணோ நாலோ சிகரெட், டென்ஷனான நாள்ல ஒண்ணு ரெண்டு கூடும். சமீபத்துல எடுத்த ஹெல்த் செக்கப்ல பி.பி., சுகர், கொலஸ்ட்ரால், ஈ.சி.ஜி. எல்லாமே நார்மல். ஆனா ரூம்மேட் ஒருத்தன், "உன் ரத்தக்குழாய் இப்பவே கெட்டுப்போக ஆரம்பிச்சிருக்கும், ரிப்போர்ட்ல தெரியாது"ன்னு அடிச்சுச் சொல்றான். ரிப்போர்ட்ல தெரியாத ஒண்ணு எப்படிக் கெட்டிருக்க முடியும்? பாக்கெட் மேல இருக்கிற படங்களைக் காட்டிப் பயமுறுத்தாம, உள்ள என்னதான் நடக்குதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓட்டக்காரன்
ரொம்பக் கவலைப்படாதீங்க நண்பா. 26 வயசு உடம்பு தன்னைத்தானே சரி பண்ணிக்கும். மாரடைப்பு, அடைப்பு எல்லாம் நாளுக்கு ஒரு பாக்கெட் ஊதி அம்பது தாண்டினவங்களுக்கு வர்றது. என்கூட நெடுந்தூரம் ஓடுற ரெண்டு பேர் எப்பவாவது தம் அடிப்பாங்க, அவங்க மூச்சும் வேகமும் என்னைவிட நல்லா இருக்கு. நல்லா ஓடுங்க, வேர்வை சிந்துங்க, எண்ணிக்கையைக் குறைங்க. போதும்னு நினைக்கிறேன்.

குழலோசை
தம்பி தேடல், நான் ரத்தக்குழாய் டாப்ளர் ஸ்கேன் எடுக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் ரூம்மேட் சொன்னது சரி. ரிப்போர்ட்டில் ஏன் தெரியவில்லை என்பதற்கும் பதில் இருக்கிறது: அந்த ரிப்போர்ட்டில் உள்ள எந்தச் சோதனையும் ரத்தக்குழாயின் உட்பூச்சைப் பார்ப்பதே இல்லை. ஈ.சி.ஜி. இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்கிறது. கொலஸ்ட்ரால் சோதனை ரத்தத்தில் ஓடும் கொழுப்பை அளக்கிறது. குழாய்ச் சுவர் எப்படி இருக்கிறது என்று இரண்டுமே கேட்பதில்லை.

அதைக் கேட்பதற்கென்றே ஒரு சோதனை உண்டு. எஃப்.எம்.டி. என்பார்கள். கையில் பி.பி. பட்டையைச் சுற்றி இறுக்கி, சுமார் 5 நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்தி வைப்போம். பிறகு சட்டென்று தளர்த்துவோம். ரத்தம் பாய்ந்து வரும்போது ஆரோக்கியமான தமனி தானாக விரிந்து கொடுக்கும். எவ்வளவு விரிகிறது என்பதை அல்ட்ராசவுண்டில் அளப்போம். ஊசி இல்லை, வலி இல்லை. 1992-இல் செலர்மேயர், டீன்ஃபீல்ட் முதலியோர் இந்த முறையை வெளியிட்டார்கள்.

அடுத்த ஆண்டே அதே குழு புகைப்பவர்களை இதே முறையில் சோதித்தது. மொத்தம் 200 பேர். 80 பேர் புகைப்பவர்கள், 80 பேர் புகைக்காதவர்கள், 40 பேர் புகைத்து நிறுத்தியவர்கள். பெரும்பாலோர் இளைஞர்கள், புகைப்பவர்களின் சராசரி வயது 28. இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எல்லாரும் அறிகுறி எதுவும் இல்லாதவர்கள். பி.பி., சர்க்கரைக் கோளாறு இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. உங்கள் ரிப்போர்ட்டை வைத்திருந்தால் உங்களையும் சேர்த்திருப்பார்கள்.

புகைக்காதவர்களின் தமனி சராசரியாக 10 சதவீதம் விரிந்தது. புகைப்பவர்களுடையது 4 சதவீதம். சிலருடைய தமனி கொஞ்சம்கூட விரியவில்லை.

நைட்ரோகிளிசரின் மருந்து கொடுத்தும் பார்த்தார்கள். அது உட்பூச்சை விட்டுவிட்டுத் தசையை நேராகத் தளர்த்தும் மருந்து. அதைக் கொடுத்தபோது புகைப்பவர்களின் தமனியும் விரிந்தது. தசைக்கு விரியத் தெரிகிறது, 'விரி' என்று சொல்ல வேண்டிய உட்பூச்சுதான் மௌனமாகிவிட்டது. இருபதுகளில் பழுது அங்கேதான் தொடங்குகிறது.

தேடல்26
ரொம்ப நன்றி அக்கா. இப்படி யாரும் விளக்கினதில்ல. ஆனா புகை போறது நுரையீரலுக்கு. கையில இருக்கிற தமனிக்கு அது எப்படிப் போய்ச் சேருது?

செல்லியல் மாணவி
இதை நான் சொல்றேன் அண்ணா, இப்போ படிச்சுட்டிருக்கிற பாடமே இதுதான்.

ரத்தக்குழாய்க்குள்ள ஒரே ஒரு அடுக்கு செல்கள் இருக்கு. எண்டோதீலியம்னு பேர். வெறும் பூச்சு மாதிரி சும்மா இருக்கிற செல்கள் இல்ல, வேலை செஞ்சுட்டே இருக்கும். ரத்தம் உரசிட்டு ஓடுறதை உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடுங்கிற வாயுவைத் துளித்துளியா சுரக்கும். அந்த வாயு பக்கத்துல இருக்கிற தசைக்குள்ள போய் அதைத் தளர்த்தும். தட்டணுக்கள் கூடி உறையாமப் பார்த்துக்கும், வெள்ளணுக்கள் சுவர்ல ஒட்டாமத் தடுக்கும். உட்பூச்சு ஏதோ ஒரு பொருளைச் சுரந்து தமனியைத் தளர்த்துதுன்னு 1980-ல ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். அது நைட்ரிக் ஆக்சைடுதான்னு பிறகு தெரிஞ்சது. இந்த வேலைக்காக 1998-ல அவருக்கும் இக்னாரோ, முராட் ரெண்டு பேருக்கும் மருத்துவ நோபல் கிடைச்சது.

இப்போ புகைக்கு வர்றேன். ஒவ்வொரு இழுப்புலயும் ஏராளமான தீவிர வேதித்துகள்கள் உள்ள போகுது. நுரையீரல்ல காத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவுல இருக்கிற சவ்வு ரொம்ப மெல்லிசு. அதைத் தாண்டிட்டா உடம்பு முழுக்க ஓடுற ஒரே ரத்தம்தான், கை, கால், மூளை, இதயம்னு வித்தியாசமே கிடையாது.

உள்ள போனதும் சூப்பராக்சைடுங்கிற தீவிரமான ஆக்சிஜன் வகை அதிகமாகுது. அது நைட்ரிக் ஆக்சைடைப் பிடிச்சு பெராக்சிநைட்ரைட்டா மாத்திடுது. அதாவது நல்லது பண்ற வாயு காணாமப்போறது மட்டும் இல்ல, அதோட இடத்துல செல்லைச் சேதப்படுத்துற ஒண்ணு வந்து உட்காருது. போகப்போக நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கிற நொதியே தடம் மாறி, அதுவும் சூப்பராக்சைடைக் கக்க ஆரம்பிச்சிடும். இதைப் படிச்சப்ப எனக்கு உண்மையிலேயே பகீர்னு இருந்துச்சு.

அதுக்கப்புறம் செல்களோட மேற்பரப்பு ஒட்டுற தன்மைக்கு வந்துடும். வெள்ளணுக்கள் வந்து ஒட்டி, சுவருக்குள்ள நுழையும். ஆக்சிஜனேற்றம் அடைஞ்ச எல்.டி.எல். கொழுப்பை விழுங்கி அங்கேயே தங்கிடும். கொழுப்புப் படிவு ஆரம்பிக்கிறது இப்படித்தான். அண்ணாவோட கொலஸ்ட்ரால் அளவு நார்மலா இருக்கலாம், ஆனா இருக்கிற எல்.டி.எல்.லையே புகை கெடுக்கும்.

நிகோட்டின் வேலை தனி. அட்ரீனலின் போன்றவற்றைச் சுரக்க வச்சு, துடிப்பைக் கூட்டி, சின்னக் குழாய்களைச் சுருக்கும். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா ஹீமோகுளோபினைப் பிடிச்சுக்கும். அதுல பாதி வெளியேறவே நாலஞ்சு மணி நேரம் ஆகும். நாளுக்கு நாலு சிகரெட்டைப் பரவலா பிடிச்சா, முழிச்சிருக்கிற நேரத்துல பெரும்பகுதி ரத்தத்துல அது கொஞ்சமாவது இருக்கும்.

ஓட்டக்காரன்
நல்ல விளக்கம், மறுக்கல. ஆனா ரெண்டு கேள்வி. ஒண்ணு, தமனி 10-க்குப் பதிலா 4 சதவீதம் விரிஞ்சா என்ன, அது ஒரு அளவுதானே, நோய் இல்லையே? ரெண்டு, ஓடும்போது ரத்த ஓட்டம் அதிகமாகி நைட்ரிக் ஆக்சைடு கூடும்னு நானும் படிச்சிருக்கேன். அது இதை ஈடுகட்டாதா? வைட்டமின் சி எடுத்தா சரியாகும்னும் சொல்றாங்களே?

செல்லியல் மாணவி
பின்னாடி கேட்டதுக்கு நான் பதில் சொல்றேன். ஓட்டம் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைக் கூட்டுறது உண்மைதான், உடற்பயிற்சி ரத்தக்குழாய்க்கு நல்லதுன்னு சொல்றதுக்கு அது ஒரு முக்கியமான காரணம். ஆனா புகை அதைக் கண்ட இடத்துல அழிக்குது. உங்க ஓட்டத்தோட பலனைத்தான் அது தின்னுது. வைட்டமின் சி விஷயம் 1996-ல வந்த ஆராய்ச்சி. புகைப்பவர்களோட கைத் தமனிக்குள்ளேயே நேரடியா நிறையச் செலுத்தினாங்க, தற்காலிகமா இயக்கம் மேம்பட்டுச்சு. காரணம் ஆக்சிஜனேற்றம்தான்னு நிரூபிக்க அது உதவிச்சு. மாத்திரையா விழுங்கினா அந்த அளவுக்கு ரத்தத்துல ஏறாது. ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகளை ஆயிரக்கணக்கான பேருக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைகள்ல மாரடைப்பு குறையல.

குழலோசை
> ஓட்டக்காரன் எழுதியது: அது ஒரு அளவுதானே, நோய் இல்லையே?

நியாயமான கேள்வி. இளைஞர்களின் ரத்தக்குழாயைத் திறந்து பார்த்தால்தான் முடிவாகச் சொல்ல முடியும். அப்படிப் பார்த்தும் இருக்கிறார்கள்.

1953-இல் கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயத் தமனிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியானது. சராசரி வயது 22. நான்கில் மூன்று பங்கினருக்கு இதயத் தமனியில் நோயின் அடையாளம் ஏதோ ஓரளவு இருந்தது. கொழுப்புப் படிவு நடுவயதில் தொடங்குகிறது என்ற எண்ணம் அன்றே ஆட்டம் கண்டது.

அதில் புகையின் பங்கு தனியாகத் தெரியவில்லை. பிறகு வந்த பி.டி.ஏ.ஒய். என்ற ஆய்வு அதையும் பார்த்தது. அமெரிக்காவின் பல ஊர்களில் விபத்து, கொலை, தற்கொலை போன்ற காரணங்களால் இறந்த 15 முதல் 34 வயது வரையிலான ஏறத்தாழ 3000 பேரின் தமனிகளைச் சேகரித்தார்கள். அவர்கள் யாரும் இதய நோயாளிகளாகச் சாகவில்லை. இறந்தவரிடம் "புகைத்தீர்களா" என்று கேட்க முடியாதே, அதனால் ரத்தத்தில் தயோசயனேட் அளவைப் பார்த்தார்கள்; புகையில் உள்ள சயனைடை உடல் மாற்றும்போது உருவாகும் பொருள் அது. புகைத்தவர்களிடம் வயிற்றுப் பகுதிப் பெருந்தமனியில் தடித்து மேலெழும்பிய படிவுகள் தெளிவாகக் கூடுதலாக இருந்தன. இருபதுகளின் பிற்பாதியிலும் முப்பதுகளிலும் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது.

படிவு இருப்பதாலேயே நாளைக்கே மாரடைப்பு வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 45 வயதுக்குள் மாரடைப்போடு வருபவர்களிடம் வேறெந்தக் காரணத்தையும் விடப் புகைப்பழக்கமே அதிகம் காணப்படுகிறது. இங்கிலாந்தின் தெற்கு யார்க்‌ஷயரில் செய்து 2016-இல் வெளியான ஒரு கணக்கில், 50 வயதுக்குட்பட்ட புகைப்பவர்களுக்கு முழு அடைப்பு மாரடைப்பு வரும் வாய்ப்பு அதே வயதில் புகைக்காதவர்களைவிட சுமார் 8 மடங்கு. வயதானவர்களில் அந்த மடங்கு இதைவிடக் குறைவு. வயதானவர்களுக்கு வேறு காரணங்களும் சேர்ந்துவிடும். இளைஞருக்குப் பல நேரம் புகை ஒன்றுதான் காரணம். அதனால்தான் 'இளமை காப்பாற்றும்' என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு மனசு பொறுக்காது. இளம் வயதினரிடம் பெரிய அடைப்பு இல்லாமலேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வருவதும் உண்டு. புகை தட்டணுக்களைத் தூண்டி, உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைக் கூட்டி, ரத்தத்தை உறையத் தயாராக வைத்திருக்கும்.

தேடல்26
சரி, நடக்குறது புரியுது. ஆனா நான் பிடிக்கிறது மூணு நாலுதானே. 20 பிடிக்கிறவனுக்கு வர்றதுல அஞ்சுல ஒரு பங்குதானே எனக்கு வரணும்?

விடுபடு
நான் புகைநிறுத்த ஆலோசகர். வர்றவங்க எல்லாரும் போடுற கணக்கு இது. நுரையீரல் புற்றுநோய்க்கு ஓரளவு பொருந்தும். ரத்தக்குழாய்க்குப் பொருந்தாது.

2018-ல பி.எம்.ஜே. மருத்துவ இதழ்ல ஆலன் ஹேக்‌ஷா குழு 141 ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. நாளுக்கு 20 சிகரெட்டால இதய நோய்க்கு எவ்வளவு கூடுதல் ஆபத்து வருதோ, அதுல ஏறக்குறைய பாதி ஒரே ஒரு சிகரெட்டுலயே வந்துடுது. நாலு இல்ல, ஒண்ணு. மாடிப்படில முதல் படி மட்டும் இடுப்பு உயரம், அதுக்கப்புறம் எல்லாம் தாழ்வான படின்னு வச்சுக்கோங்க. நாலுக்கு வந்தவர் உயரத்துல பெரும்பகுதியை ஏற்கனவே ஏறிட்டார்.

இதனாலதான் "குறைச்சுக்கிட்டேன் சார்"னு சந்தோஷமா வர்றவங்ககிட்ட, குறைச்ச முயற்சியைப் பாராட்டிட்டு, பூஜ்யம்தான் இலக்குன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன். ரத்தக்குழாயைப் பொறுத்தவரை இருபதுல இருந்து நாலுக்கு வர்றதைவிட, நாலுல இருந்து பூஜ்யத்துக்குப் போறதுதான் பெரிய தாவல். 'லைட்' சிகரெட்டும் அப்படித்தான், இதயத்துக்கு எந்தச் சலுகையும் கிடையாது.

மழைக்காகம்
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதை எழுதியே ஆகணும்.

என் அண்ணனுக்கு முப்பத்திரண்டு வயதில் நடக்கும்போது பாதத்தின் நடுவில் வலி வந்தது. செருப்பு சரியில்லை என்று நினைத்தோம். குளிரில் விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்கும். ரத்தசோகை என்று ஒருவர் சொன்னார். கால் பெருவிரல் ஓரத்தில் ஒரு சின்னப் புண் வந்து மாதக்கணக்கில் ஆறவில்லை. சர்க்கரை இல்லை, கொலஸ்ட்ரால் இல்லை. கடைசியில் ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துப் 'பர்ஜர்' நோய் என்றார்கள். காலின் சிறு தமனிகள் வரிசையாக அடைபட்டிருந்தன. லியோ பர்ஜர் என்ற மருத்துவர் 1908-இல் விவரித்த நோய். கிட்டத்தட்ட எல்லா நோயாளிகளும் புகையிலை பயன்படுத்துபவர்கள், பெரும்பாலோர் 45 வயதுக்கு உட்பட்ட ஆண்கள்.

மருத்துவர் சொன்னதை மறக்கவே முடியாது. "மருந்து ரெண்டாம் பட்சம். ஒரு இழுப்புகூடக் கூடாது. ஒண்ணு ரெண்டு பிடித்தாலும் நோய் நடந்துகொண்டே இருக்கும்." அண்ணன் குறைத்தான், நிறுத்தவில்லை. பெருவிரலை எடுக்க வேண்டி வந்தது. அதன் பிறகுதான் முழுவதுமாக விட்டான். அதோடு நோய் நின்றது. திசு கறுத்து அழுகத் தொடங்கும் முன்பே விட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கால் தப்பிக்கிறது. அண்ணனுக்கும் தப்பியிருக்கலாம்.

தேடல், இது அபூர்வமான நோய். உங்களுக்கு வரும் என்று சொல்லவில்லை. நடக்கும்போது பாதத்திலோ கெண்டைக்காலிலோ வலி வந்து நின்றால் அடங்குவது, விரல் நிறம் மாறுவது, ஆறாத புண் இவற்றில் எது இருந்தாலும் 'வயசு சின்னதுதானே' என்று தள்ளிப் போடாமல் ரத்தக்குழாய் அறுவை நிபுணரைப் பாருங்கள்.

தேடல்26
படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. அண்ணனுக்கு இப்போ எப்படி இருக்கு?

மழைக்காகம்
நடக்கிறான், வேலைக்குப் போகிறான். குளிர் ஆகாது, காலுறை இல்லாமல் இருக்க மாட்டான்.

முல்லைக்கொடி
நான் புகைப்பதில்லை, என் வீட்டுக்காரர் புகைப்பவர். ஜன்னல் பக்கம் நின்றுதான் பிடிக்கிறார். எனக்கு 27. என் ரத்தக்குழாய்க்கும் இதெல்லாம் நடக்குமா? குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை வேறு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

குழலோசை
நடக்கும், தங்கச்சி. நான் மேலே சொன்ன அதே குழு 1996-இல் 15 முதல் 30 வயது வரையிலான 78 பேரைச் சோதித்தது. புகைக்காத, புகையும் படாதவர்களின் தமனி 8.2 சதவீதம் விரிந்தது. புகைப்பவர்களுக்கு 4.4. தாங்கள் புகைக்காமல், தினமும் ஒரு மணி நேரமாவது அடுத்தவர் புகையில் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் இருந்தவர்களுக்கு 3.1. அடுத்தவர் புகை சொந்தப் புகையைவிட மோசம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, சோதித்தவர்கள் குறைவு. ஆனால் 'பக்கத்தில் இருப்பவருக்குக் கொஞ்சம்தான்' என்பது பொய் என்று காட்ட இது போதும். விடுபடு சொன்ன முதல் படி இங்கேயும் பொருந்துகிறது. ஜன்னல் ஓரம் புகையைத் தடுக்காது, வீட்டுக்கு வெளியேதான் பிடிக்க வேண்டும்.

மாத்திரை பற்றி: ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையும் புகைப்பழக்கமும் சேர்ந்தால் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. 35 வயதைத் தாண்டிப் புகைக்கும் பெண்களுக்கு மருத்துவர்கள் அதைத் தவிர்க்கச் சொல்வார்கள். நீங்கள் புகைப்பவர் இல்லை என்பதால் பதற்றம் வேண்டாம். கண்ணில் மின்னல் கோடுகள் வந்து தலைவலி வரும் ஒற்றைத் தலைவலி இருந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஓட்டக்காரன்
வேப், அதாவது இ-சிகரெட் பத்தி யாரும் சொல்லலையே? என்கூட ஓடுற ரெண்டு பேருக்கும் இந்த இழையை அனுப்பினேன். ஒருத்தர் வேப்புக்கு மாறிடறேன்னு சொல்றார்.

செல்லியல் மாணவி
ரெண்டு பக்கமும் தரவு இருக்கு. 2019-ல டண்டீ பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வுல, வழக்கமாப் புகைக்கிறவங்க வேப்புக்கு மாறின ஒரு மாசத்துலயே எஃப்.எம்.டி. அளவு மேம்பட்டுச்சு. அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்வு, எதுவுமே பிடிக்காத 31 இளைஞர்களுக்கு நிகோட்டின் இல்லாத வேப்பை ஒரு தடவை கொடுத்துப் பார்த்துச்சு. தொடைத் தமனி விரியிற அளவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது, தற்காலிகமா. சிகரெட்டோட ஒப்பிட்டா மேல், சுத்தமான காத்தோட ஒப்பிட்டா கெடுதல். ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிறவங்களுக்கு ஆறுதலா சொல்ல ஒண்ணும் இல்ல. நீண்டகால விளைவு தெரியற அளவுக்கு அது பழைய பொருளும் கிடையாது.

தேடல்26
முக்கியமான கேள்வி ஒண்ணு பாக்கி. இப்ப விட்டா திரும்புமா?

குழலோசை
திரும்பும். உங்கள் வயதில் இதைச் சொல்ல முடிவதுதான் எனக்குச் சந்தோஷம்.

1993 ஆய்வில் நிறுத்தியவர்கள் 40 பேர் இருந்தார்கள் அல்லவா? விட்டு எத்தனை காலம் ஆனதோ அதற்கேற்ப அவர்களின் தமனி மேம்பட்டிருந்தது. 2010-இல் வந்த இன்னொரு ஆய்வில் 1500-க்கும் மேற்பட்ட புகைப்பவர்களைப் பின்தொடர்ந்தார்கள். ஓராண்டு விட்டிருந்தவர்களுக்கு விரியும் அளவு 6.2-இலிருந்து 7.2 ஆனது. எடை கூடியிருந்தும் இந்த முன்னேற்றம். விடாதவர்களுக்கு மாற்றம் இல்லை. ஒரே ஆண்டில் முழுதாகத் திரும்பிவிடும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன், ஆனால் திசை மாறுகிறது. தட்டணுக்களின் தூண்டலும் கார்பன் மோனாக்சைடும் இன்னும் சீக்கிரம் இறங்கிவிடும்.

விடுபடு
நீண்டகாலக் கணக்கு 1951-ல தொடங்கின பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஆய்வுல இருக்கு. ரிச்சர்ட் டால் குழு 50 வருஷம் பின்தொடர்ந்து 2004-ல வெளியிட்டாங்க. புகையை விடாதவங்க சராசரியா 10 வருஷ ஆயுளை இழந்தாங்க. 60 வயசுல விட்டவங்களுக்கு 3 வருஷம் திரும்பக் கிடைச்சது, 50-ல விட்டவங்களுக்கு 6, 40-ல 9. 30 வயசுல விட்டவங்களுக்கு ஏறக்குறைய முழு 10-ம் கிடைச்சது. தேடல், உங்களுக்கு 26.

தேடல்26
விடணும்னு முடிவு பண்ணிட்டேன். காலைல எழுந்ததும் ஒண்ணு, அதுதான் விட முடியாதது. நிகோட்டின் சூயிங்கம் எடுக்கலாமா, இல்ல அதுவும் குழாயைச் சுருக்குமா?

விடுபடு
எடுக்கலாம். நிகோட்டின் கொஞ்சம் சுருக்கும்தான், ஆனா எரியிற புகையில இருந்து வர்ற சேதம் அதுல கிடையாது. சிகரெட் தர்ற மாதிரி சட்டுனு உச்சத்துக்கும் ஏத்தாது. இதய நோயாளிகளுக்கே மருத்துவர் மேற்பார்வைல கொடுக்கிறோம். பர்ஜர் நோய் இருக்கிறவங்க மட்டும் கேக்காம எடுக்கக்கூடாது.

எழுந்த அரை மணி நேரத்துக்குள்ள முதல் சிகரெட் வேணும்னா 4 மில்லிகிராம், இல்லன்னா 2. நிறையப் பேர் சாதாரண சூயிங்கம் மாதிரி விடாம மென்னு, விக்கல் வந்து, "ஒத்துக்கல"ன்னு தூக்கிப் போட்டுடறாங்க. மெதுவா மெல்லுங்க. நாக்குல சுருசுருன்னு காரம் தெரிஞ்சதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைங்க. சுருசுருப்பு அடங்கினதும் திரும்ப ரெண்டு மென்னல், அப்புறம் வேற பக்கம் ஒதுக்கணும். ஒரு கம் அரை மணி நேரம் வரும். மெல்றதுக்குக் கால் மணி நேரம் முன்னாடியும், மெல்லும்போதும் காபி, பழச்சாறு வேண்டாம். வாயில அமிலம் இருந்தா நிகோட்டின் ஏறாது.

காலைத் தவிப்பு ரொம்ப அதிகம்னா தோல்ல ஒட்டுற பட்டையும் சேர்த்து எடுக்கலாம். ராத்திரி முழுக்க ஒட்டியிருக்கிற 24 மணி நேரப் பட்டைன்னா எழும்போதே நிகோட்டின் இருக்கும், ஆனா சிலருக்குக் கனவு ஜாஸ்தியா வரும். அப்படி வந்தா படுக்கும்போது எடுத்துடுங்க. புகைக்கிற தவிப்பைக் குறைக்கிற வரெனிக்ளின் மாத்திரையும் இருக்கு, அது மருத்துவர் எழுதித்தான் தரணும். எந்தத் தேதில நிறுத்தப் போறீங்கன்னு இங்கேயே எழுதுங்க, முதல் ரெண்டு வாரம் தவிப்பு வர்றப்ப எனக்கும் தனிமடல் போடுங்க.

தேடல்26
வர்ற திங்கள். கம் 4 மில்லிகிராம் வாங்கிடறேன். ரூம்மேட்டும் கூட விடறானாம்.